குடும்பப்பெயரின் மூலம்: கிராம்ப்ஸ் பட்டியலை ரஷ்ய மொழியில் ஆக்கும்போது

கிராம்ப்ஸ் வம்சாவளி மென்பொருளில் ஒருவரின் பெயரைத் திருத்தப் போனால், குடும்பப்பெயருக்குப் பக்கத்தில் 'மூலம்' என்று ஒரு சின்னத் தெரிவுப் பெட்டி இருக்கும். அந்தக் குடும்பப்பெயர் இவருக்கு எந்த வழியில் வந்தது என்பதை அதில் குறிக்க வேண்டும். மொத்தம் 14 தெரிவுகள்: தெரியாது, பயனரே எழுதுவது, வெற்று, பரம்பரையாக வந்தது, வழங்கப்பட்டது, எடுத்துக்கொண்டது, தந்தை பெயர், தாய் பெயர், நில உடைமை, புனைபெயர், தந்தை வழி, தாய் வழி, தொழில், இடம். 2011-ல் வந்த 3.3 பதிப்பில் ஒருவருக்குப் பல குடும்பப்பெயர்களை வரிசையாக எழுதும் வசதி சேர்ந்தது. அதிலிருந்து இந்தப் பெட்டிக்கு முக்கியத்துவம் கூடிவிட்டது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இவை எல்லாம் ஒற்றைச் சொற்களாகத்தான் தெரியும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணியில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ரஷ்ய மொழியில் அப்படி முடித்தால், அதைப் பயன்படுத்துகிறவர்களின் குடும்ப மரத்தில் பெயர்கள் தப்பான பெட்டிகளில் போய் விழும். ஏனென்றால் தந்தை பெயர், தாய் பெயர் என்ற இரண்டு தெரிவுகளுக்கும் மென்பொருளுக்குள் தனி வேலை இருக்கிறது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் பெயர் திரையில் வரும் இடம் மாறும், அகரவரிசையில் நிற்கும் இடமும் மாறும். மற்றவை எல்லாம் வெறும் குறிப்புத்தான். ஆகவே ஒரு சொல்லைத் தேர்வதற்கு முன், அந்தத் தெரிவை அழுத்தினால் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அகராதி அதற்கு அப்புறம்.

கீழே வரும் ரஷ்யச் சொற்களை எழுத்துப்படி தமிழில் தந்திருக்கிறேன். பேச்சில் அழுத்தம் விழாத 'ஒ' எல்லாம் 'அ' போல ஒலிக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒத்செஸ்த்வோ

ரஷ்யர்களின் பெயரில் மூன்று பகுதிகள்: சொந்தப் பெயர், ஒத்செஸ்த்வோ எனப்படும் தந்தைவழிப் பெயர், ஃபமீலியா எனப்படும் குடும்பப்பெயர். இவானின் மகன் இவானொவிச், மகள் இவானொவ்னா. நம் தலைப்பெழுத்தை விரித்தால் அப்பாவின் பெயர் வருகிறதே, ஏறக்குறைய அதே வேலைதான். ரஷ்யாவில் அது எழுத்தாகச் சுருங்காமல், மகனுக்கும் மகளுக்கும் தனித்தனி விகுதியோடு முழுப் பெயராக நிற்கிறது.

கிராம்ப்ஸில் ஒத்செஸ்த்வோவுக்கு என்று தனிப் பெட்டி கிடையாது. அதையும் ஒரு குடும்பப்பெயராகவே சேர்க்க வேண்டும். பெயர்த் திருத்தியில் பல குடும்பப்பெயர்கள் என்ற பொத்தானை அழுத்தினால் அட்டவணை விரியும். ஒரு வரிசையில் ஃபமீலியாவை எழுதி, முதன்மை என்ற குறியை அதற்கு வைக்க வேண்டும். இன்னொரு வரிசையில் ஒத்செஸ்த்வோவை எழுதி, மூலம் என்ற பத்தியில் 'தந்தை பெயர்' தெரிவை வைக்க வேண்டும். அந்தத் தெரிவை வைத்ததும் மென்பொருள் அந்த வரிசையைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கும். 'முதன்மைக் குடும்பப்பெயர்கள், சொந்தப் பெயர், தந்தை பெயர், பின்னொட்டு, முன்னொட்டு' என்ற காட்டும் வடிவம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அதைத் தேர்ந்தால் ரஷ்ய வழக்கப்படி 'குஸ்னெத்சோவ், பியோத்ர் இவானொவிச்' என்று சரியாக வரும். தனியாக வடிவம் எழுதுகிறவர்களுக்கும் தந்தை பெயருக்கென்று ஒரு குறிச்சொல் உண்டு. அந்தக் குறிச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதினால் பெயரும் பெரிய எழுத்தில் அச்சாகும்.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். 'தந்தை பெயர்' தெரிவுக்கு ரஷ்ய மொழியில் இரண்டு சொற்கள் முன்னால் நிற்கும்: ஒத்செஸ்த்வோ, பத்ரோனிம். இரண்டாவது, பெயராய்வு நூல்களின் கலைச்சொல். ஐஸ்லாந்தின் யோன்ஸ்தோத்திர், பழைய ஸ்வீடனின் ஆந்தெர்ஸ்ஸோன் எல்லாவற்றையும் அது தழுவிக்கொள்ளும் என்பதால் பலர் அதன் பக்கம் சாய்வார்கள். நான் ஒத்செஸ்த்வோவையே சொல்வேன். காரணம், இவானோவ், பெத்ரோவ், சீதொரோவ் என்று ரஷ்யக் குடும்பப்பெயர்களில் பெரும் பங்கு ஆதியில் தந்தை பெயரிலிருந்து பிறந்தவைதான். பட்டியலில் 'பத்ரோனிம்' என்று கண்டால், விவரம் தெரிந்த பயனர் "இவானோவ் என்பது இவான் என்ற பெயரிலிருந்து வந்தது, ஆகவே பத்ரோனிம்" என்று நியாயமாகவே அதைத் தேர்ந்துவிடுவார். மென்பொருளோ அந்தக் குடும்பப்பெயரை ஒத்செஸ்த்வோவாக எடுத்துக்கொள்ளும். அவருடைய இவானோவ் குடும்பம் முழுவதும் குடும்பப்பெயர் இல்லாதவர்களாகப் பட்டியலின் வெற்றுத் தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்துவிடும். 'ஒத்செஸ்த்வோ' என்று இருந்தால் இந்தத் தவறே நடக்காது. இவானோவ் என்பது ஒருவருடைய ஃபமீலியா, ஒத்செஸ்த்வோ இல்லை என்று ரஷ்யக் குழந்தைக்கும் தெரியும்.

பட்டியலில் வெற்றுத் தலைப்பு வருவதற்கு ஒரு விருப்ப அமைப்பும் காரணமாக இருக்கிறது. ஒருவருக்குத் தந்தை பெயரோ தாய் பெயரோ மட்டும் இருந்து வேறு குடும்பப்பெயர் இல்லாவிட்டால், அதைக் குடும்பப்பெயராகக் கொள்ளவா என்று கேட்கும் ஒரு தேர்வுப் பெட்டி விருப்பங்களில் இருக்கிறது. குறி வைக்காதவரை அவர்கள் குடும்பப்பெயர் அற்றவர்களாகவே கணக்காவார்கள். இந்த அமைப்பின் ஆங்கில வாசகம் தந்தை பெயர், தாய் பெயர் இரண்டையும் ஒரே சொல்லின் வாலில் தொங்கவிட்டு, நடுவில் ஒரு சாய்கோடு போட்டுச் சுருக்கியிருக்கும். ரஷ்ய மொழியில் அந்தச் சுருக்கம் நடக்காது. 'ஒத்செஸ்த்வோ அல்லது மத்ரோனிம்' என்று விரித்தே எழுத வேண்டும். பட்டியலில் வைத்த அதே சொற்கள் இங்கேயும், காட்டும் வடிவத்தின் பெயரிலும், குறிச்சொற்களிலும் வர வேண்டும். ஓரிடத்தில் ஒத்செஸ்த்வோ, இன்னோரிடத்தில் பத்ரோனிம் என்று இருந்தால், இந்த அமைப்பு எதைப் பற்றியது என்று பயனருக்குப் புரியவே புரியாது.

தாய் பெயருக்கு மத்ரோனிம் போதும். மத்செஸ்த்வோ என்று ஒத்செஸ்த்வோவின் அச்சில் வார்த்த சொல் ஒன்றும் உண்டு. ஆனால் குடும்ப வரலாறு எழுதுகிற வயதானவர்களுக்கு அது அந்நியமாக இருக்கும். மார்யின், கத்தெரீனின் போன்று பெண்பெயரிலிருந்து பிறந்த குடும்பப்பெயர்களுக்கும் மேலே சொன்ன எச்சரிக்கைதான்: அவை இன்று பரம்பரையாக வருபவை, இந்தத் தெரிவு அவற்றுக்கு இல்லை.

பழைய பதிவேட்டில் 'பெத்ரோவ்' என்று இருந்தால்

மொழிபெயர்ப்பவருக்கு ரஷ்யப் பதிவேடுகளின் வழக்கம் தெரியாவிட்டால் உதவிக் குறிப்புகளைச் சரியாக எழுத முடியாது. ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ரஷ்யப் பேரரசர் முதலாம் பியோத்ரின் (மகா பீட்டர்) 1718 ஆணையால் தொடங்கி 1858 வரை, வரிக்காகப் பத்துக் குடிக்கணக்குகள் எடுக்கப்பட்டன. அந்த ஏடுகளில் குடியானவர்கள் பெரும்பாலும் 'இவான் பெத்ரோவ் ஸின்' என்று இருப்பார்கள். ஸின் என்றால் மகன். பியோத்ரின் மகன் இவான், அவ்வளவுதான் பொருள். எழுத்தர் 'ஸின்' என்பதை விட்டுவிட்டால் 'இவான் பெத்ரோவ்' மட்டும் மிஞ்சும், அது இன்றைய குடும்பப்பெயர் போலவே தெரியும். இதைப் பாதி ஒத்செஸ்த்வோ என்பார்கள். 'விச்' என்ற விகுதியோடு எழுதப்படுவது ஒரு காலத்தில் தகுதி சார்ந்த உரிமையாக இருந்தது. இரண்டாம் கத்தரீன் காலத்து ஒழுங்குப்படி முதல் 5 படிநிலை அதிகாரிகளுக்கு முழு ஒத்செஸ்த்வோ, 6 முதல் 8 வரை பாதி, அதற்குக் கீழே வெறும் பெயர். ஊரில் ஒரு குடியானவரை அக்கம்பக்கத்தார் எப்படி அழைத்தாலும் அரசு ஏடு அவருக்கு 'விச்' போடவில்லை.

பெத்ரோவ் குடும்பப்பெயரா, தந்தை பெயரா என்று கண்டுபிடிக்க நம்பகமான வழி, ஒரே வீட்டை அடுத்தடுத்த கணக்குகளில் தொடர்வது. உதாரணமாக, 1795 கணக்கில் இவான் பெத்ரோவ், 1816-ல் அவர் மகன் ஸ்தெபான் இவானோவ், 1858-ல் பேரன் அலெக்சேய் ஸ்தெபானோவ் என்று வந்தால், தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுகிறது. அப்படியென்றால் மூன்றுமே ஒத்செஸ்த்வோ. மாறாக மூவரும் பெத்ரோவ் என்றே வந்தால், அது பரம்பரைக் குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. இரண்டு தலைமுறையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் வைக்கும் வழக்கம் இருந்த வீடுகளில் ஏமாற்றிவிடும்.

குடும்பப்பெயர் வைத்துக்கொள்வது உரிமை மட்டும் இல்லை, கடமையும்கூட என்று செனட் சொன்னது 1888-ல்தான். அதாவது 1861-ல் பண்ணையடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறை கடந்த பிறகு. 1897 மக்கள்தொகைக் கணக்கு வரைக்கும் குடும்பப்பெயர் நிலைபெறாத குடும்பங்களைக் காணலாம். ஆகவே 18-ஆம், 19-ஆம் நூற்றாண்டுக் குடியானவர்களை உள்ளிடுகிற ரஷ்யப் பயனர்களுக்கு, மேலே சொன்ன அந்த விருப்பப் பெட்டி அன்றாடத் தேவை. குறி வைத்தால் இவான் பெத்ரோவ் 'பெத்ரோவ்' என்ற தலைப்பின் கீழ் வருவார். வைக்காவிட்டால் நூற்றுக்கணக்கானவர்கள் பெயரற்ற ஒரே குவியலில் கிடப்பார்கள்.

கிராமத்தில் ஊர்வாய்ப் பெயர் ஒன்றும் கூடவே ஓடும். ஏட்டில் இவானோவாக இருக்கும் குடும்பத்தைத் தெருவில் வேறு பெயரால் அழைப்பார்கள். அதை உலீச்னயா ஃபமீலியா, தெருக் குடும்பப்பெயர் என்பார்கள். இதை மூலப் பட்டியலுக்குள் திணிக்கத் தேவையில்லை. பெயர்த் திருத்தியில் குடும்பப் பட்டப்பெயருக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, அதற்கான இடம் அதுதான்.

மற்ற சொற்கள்

பட்டியலின் தலைப்பு 'ப்ரொயிஸ்ஹொஜ்தேனியே'. இது ரஷ்ய இலக்கணத்தில் அலிப்பால் சொல். ஆனால் கீழே வரும் பெயரடைகள் தலைப்போடு ஒத்துப்போகக் கூடாது. விவரிக்கப்படுவது ஃபமீலியா, அது பெண்பால். ஆகவே பரம்பரையாக வந்தது என்பதற்கு 'உனஸ்லேதொவன்னயா' என்று பெண்பால் வடிவமே வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு சொல்லை ஆண்பாலிலும் ஒன்றை அலிப்பாலிலும் போட்டால், பட்டியல் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும்.

'வழங்கப்பட்டது' என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். முதல் ஆபத்து, ஆங்கிலத்தில் சொந்தப் பெயரைக் குறிக்கவும் இதே சொல் வருவது. இது குடும்பப்பெயரைப் பற்றியது என்று காட்டும் சூழல் குறிப்பு கோப்பில் இருக்கும். அதைப் படிக்காமல் போனால் பட்டியலுக்குள் 'சொந்தப் பெயர்' என்று ஒரு அபத்தம் நுழைந்துவிடும். இரண்டாவது ஆபத்து நேர்ப்பொருள். 'தான்னயா' என்று எழுதினால், ரஷ்யர் அதை 'இந்த' என்று படிப்பார். 'தான்னயா ஃபமீலியா' என்றால் 'மேற்படி குடும்பப்பெயர்' என்ற அலுவலக நடை. 'ப்ரிஸ்வோயென்னயா' தான் பொருத்தம். பிறர் சூட்டியது என்ற பொருளை அது தெளிவாகத் தரும்.

இந்தத் தெரிவுக்கு ரஷ்யாவில் நிறைய உண்மையான இடம் இருக்கிறது. திருச்சபைக் கல்விக்கூடங்களில் பாதிரியார்களின் பிள்ளைகளுக்குப் புதுக் குடும்பப்பெயர் சூட்டுவார்கள். த்ரொயித்ஸ்கி, உஸ்பேன்ஸ்கி, ப்ரெயொப்ரஜேன்ஸ்கி எல்லாம் கோயில், திருவிழாப் பெயர்களிலிருந்து எடுத்தவை. பிற்காலத்தில் பெரிய அரசதிகாரியான மிஹயீல் ஸ்பெரான்ஸ்கியின் பெயர், நம்பிக்கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கல்விக்கூடத்தில் சூட்டியது. இவை எல்லாம் 'ஸ்கி' என்று முடிவதால், ஊர்ப்பெயரிலிருந்து வந்தவை என்று நினைத்து 'இடம்' என்பதைத் தேர்ந்துவிடுவது சகஜம். பிரபுக்களின் மணவழி பிறக்காத பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரின் முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியைக் கொடுப்பதும் உண்டு: த்ருபெத்ஸ்கொயின் மகன் பெத்ஸ்கொய், ரெப்னினின் மகன் ப்னின். இதுவும் இதே வகை. படைத்தலைவர்களுக்குப் பரிசாகக் கொடுத்த இணைப்புப் பெயர்களையும் இங்கேயே வைப்பேன். 1775-ல் ருமியான்த்செவுக்குச் சேர்ந்த 'ஸதுனாய்ஸ்கி', டான்யூபைக் கடந்ததற்காகத் தந்தது. ஆற்றின் பெயர் உள்ளே இருப்பதால் 'இடம்' என்று போட ஆசை வரும். ஆனால் அவர் அந்த ஆற்றங்கரைக்காரர் இல்லை.

'எடுத்துக்கொண்டது' என்பதற்கு 'ப்ரீன்யதயா'. திருமணத்தின்போது துணையின் பெயரை ஏற்பதற்கு ரஷ்யர்கள் பயன்படுத்தும் வினையிலிருந்தே வந்தது. 'வ்ஸ்யாதயா' என்பதும் புரியும், கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். புனைபெயருக்கு 'ப்செவ்தோனிம்' என்பதில் சிக்கலே இல்லை. அலெக்சேய் பெஷ்கோவுக்குக் கோர்க்கி என்பதைப் பிறப்புப் பெயரின் மேல் எழுதாமல் மாற்றுப் பெயராகச் சேர்த்து, அந்த மாற்றுப் பெயரின் குடும்பப்பெயருக்கு இந்த மூலத்தை வையுங்கள்.

நில உடைமைத் தெரிவுக்கு 'ஃபெயொதால்னயா' என்று ஒலிபெயர்ப்பது எளிது, பயன் குறைவு. ரஷ்யக் காதில் அது வரலாற்றுப் பாடநூல் வசை போல விழும். 'பொ வ்லதேனியு', அதாவது உடைமையால் வந்தது, என்று வைத்தால் விஷயம் உடனே விளங்கும். ஷூய்ஸ்கி, வியாஸெம்ஸ்கி என்ற இளவரசர் குடும்பங்கள் ஷூயா, வியாஸ்மா என்ற தங்கள் ஆட்சிப் பகுதிகளின் பெயரைக் கொண்டவை. கஸானிலிருந்து வந்து வேற்றூரில் குடியேறியவர் கஸான்த்செவ் ஆனது வேறு கதை, அது 'இடம்'. முன்னவர் ஆண்டார், பின்னவர் வந்தார். இரண்டு தெரிவுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது சொற்களே இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

தந்தை வழி, தாய் வழி என்ற இரண்டும் ஸ்பெயின், போர்ச்சுகல் மரபின் இரட்டைக் குடும்பப்பெயர்களுக்கு உதவுபவை. கார்சியா மார்க்கேஸ் என்பதில் முதலாவது தந்தை வழி, இரண்டாவது தாய் வழி. 'பொ ஒத்ஸோவ்ஸ்கொய் லீனிய்', 'பொ மதெரீன்ஸ்கொய் லீனிய்' என்று எழுதுங்கள். 'பொ ஒத்ஸு', அதாவது தந்தையால் என்று மட்டும் சுருக்கினால் ஒத்செஸ்த்வோவோடு குழம்பும். அட்டவணையின் மூலப் பத்தி குறுகலானது என்பதால் இதைவிட நீளமாகவும் போகக் கூடாது, முடிவு வெட்டுப்படும்.

கோப்பில் நடக்கும் பழுதுகள்

ஒரே மொழிபெயர்ப்பை இரண்டு தெரிவுகளுக்கு வைப்பதுதான் மிகப் பெரிய பழுது. மென்பொருள் திரையில் வரும் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, எண்ணாக மாற்ற ஒரு அகராதியை வைத்திருக்கிறது. தந்தை பெயருக்கும் தந்தை வழிக்கும் ஒரே ரஷ்யச் சரம் இருந்தால், அந்த அகராதியில் பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். பயனர் ஒத்செஸ்த்வோ என்று நினைத்துத் தேர்ந்தது தந்தை வழியாகச் சேமிக்கப்படும். காட்டும் வடிவத்தில் தந்தை பெயர் காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால் காரணமும் தெரியாது. எல்லாச் சொற்களையும் எழுதிய பிறகு பட்டியலில் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதன் தம்பி, ஒத்த உருவ எழுத்துகள். ரஷ்ய எழுத்திலும் லத்தீன் எழுத்திலும் 'a', 'o', 'c', 'e' போன்றவற்றின் உருவம் ஒன்றே, குறியீடு வேறு. விசைப்பலகையை மாற்றாமல் ஒரு எழுத்தை லத்தீனில் அடித்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பயனர் அந்தப் பெட்டியில் தானே தட்டச்சு செய்தால், அவருடைய சரம் உள்ளே இருக்கும் சரத்தோடு பொருந்தாது. உடனே மென்பொருள் அதைப் பயனரே உருவாக்கிய புது வகையாகச் சேமித்துவிடும். திரையில் இரண்டு ஒத்செஸ்த்வோ தெரியும், ஒன்றுக்கு மட்டும் வேலை இருக்கும். மொழிபெயர்ப்பு வரிகளுக்குள் லத்தீன் எழுத்து இருக்கிறதா என்று தேடுவது ஒரு நிமிட வேலை. 'யெ' எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து 'யோ' ஆக்குவதா வேண்டாமா என்பதையும் கோப்பு முழுவதும் ஒரே மாதிரி வையுங்கள். அதுவும் இதே விதமாகப் பொருந்தாமல் போகும்.

உள்ளே தயாராக இருக்கும் வகைகள் கோப்பில் ஆங்கிலச் சாவிச் சொல்லாகவே சேமிக்கப்படுகின்றன. கிராம்ப்ஸின் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தால் குடும்பப்பெயரின் பண்பாக அந்தச் சாவி இருப்பதைப் பார்க்கலாம். ஆகவே அடுத்த பதிப்பில் நீங்கள் மொழிபெயர்ப்பை மாற்றினாலும் பழைய தரவுக்கு ஆபத்தில்லை. பயனரே எழுதிய வகைதான் எழுதியபடியே ரஷ்ய மொழியில் நின்றுவிடும். அது எந்த மொழிக்கும் மாறாது.

பழைய பதிப்புகளின் கோப்புகளில் சூழல் குறிப்பு, மூலச் சரத்தின் முன்னால் ஒரு செங்குத்துக் கோட்டோடு ஒட்டியிருக்கும். கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும். இடப்பக்கத்தையும் சேர்த்து 'ஃபமீலியா' என்று எழுதிக் கோட்டையும் போட்டால், அது அப்படியே திரையில் வரும். சூழல் தனி வரியாக வரும் கோப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

சூழலே இல்லாத சொற்கள் வேறு வகைச் சங்கடம். கிராம்ப்ஸ் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில், சூழல் இல்லாத ஒரு மூலச் சரத்துக்கு ஒரே மொழிபெயர்ப்புத்தான். தொழில் என்ற சொல் நிகழ்வுகளின் பட்டியலிலும் வரும், குடும்பப்பெயரின் மூலத்திலும் வரும். 'ப்ரொஃபேஸ்ஸியா' என்பதைவிட 'ரோத் ஸன்யாதிய்' இரண்டு இடத்திலும் உட்காரும். குஸ்னெத்சோவ் கொல்லர், மேல்னிக்கொவ் மாவரைப்பவர், கொன்சரோவ் குயவர் என்பதற்கும் பொருந்தும், ஒருவர் 1890-ல் என்ன வேலை பார்த்தார் என்பதற்கும் பொருந்தும். 'தெரியாது' என்பதற்கு 'நெயிஸ்வேஸ்த்னொ' என்ற வடிவம் நல்லது, அதற்குப் பால் வேறுபாடு கிடையாது. 'இடம்' மட்டும் இப்படி மசியாது. வேறு திரைகளில் அது அமைவிடத்தைக் குறிப்பதால் அங்கே 'மெஸ்தொபொலொஜேனியே' வேண்டும், குடும்பப்பெயருக்கோ 'பொ மேஸ்த்னொஸ்தி'. ஒவ்வொரு சரத்துக்கும் மேலே அது நிரலில் எந்தக் கோப்பில் வருகிறது என்ற குறிப்பு வரி இருக்கும். அதைப் பார்த்து, வெவ்வேறு பொருளில் வருகிறது என்று தெரிந்தால், அந்த இடத்துக்கு மட்டும் சூழல் சேர்க்கும்படி நிரலாளர்களிடம் வழு அறிக்கை போடுங்கள். நிரலில் ஒரு வரிதான் மாறும். எங்கேயாவது ஒரு இடத்தைப் பலிகொடுத்துச் சமாளிப்பதைவிட இது மேல்.

வெற்றுத் தெரிவை யாராவது மொழிபெயர்ப்புக்குள் கொண்டுவரச் சொன்னால் விடாதீர்கள். கெட்டெக்ஸ்டில் வெற்றுச் சரத்தின் மொழிபெயர்ப்பு என்பது கோப்பின் தலைப்பகுதி. வெற்றுச் சரத்தைக் கேட்டால் பதிப்பு, தேதி, எழுத்துக் குறிமுறை எல்லாம் பெட்டிக்குள் கொட்டும். நிரலில் அந்தத் தெரிவை மொழிபெயர்ப்புச் செயற்கூறுக்கு வெளியே வைத்திருப்பது சரிதான்.

புது மூலச் சரங்களைப் பழைய கோப்போடு இணைக்கும்போது, கருவி பக்கத்துச் சொல்லின் மொழிபெயர்ப்பை ஊகமாக நிரப்பும். தந்தை பெயர், தாய் பெயர் என்ற ஆங்கிலச் சொற்களுக்கு இடையே முதல் எழுத்து ஒன்றே வேறு. ஆகவே தாய் பெயருக்கு 'ஒத்செஸ்த்வோ' என்று ஊகக் குறியோடு வந்து நிற்கும். தந்தை வழி, தாய் வழிக்கும் அப்படியே. ஊகக் குறி இருக்கும்வரை அது தொகுப்பில் சேராது, திரையில் ஆங்கிலமே தெரியும். எண்ணிக்கையைக் குறைக்கும் அவசரத்தில் எல்லா ஊகக் குறிகளையும் மொத்தமாக நீக்குகிறவர்கள், தாயின் பெயருக்கு ஒத்செஸ்த்வோ என்று வெளியிட்டுவிடுவார்கள். வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புத் தளத்தில் திருத்தினாலும், கோப்பை இறக்கிச் செய்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தே நீக்குங்கள்.

சாதாரண ரஷ்யச் சரங்களில் வரும் வேற்றுமைப் பிரச்சினை இங்கே குறைவு. மாதங்களின் பெயருக்கு கிராம்ப்ஸில் வேற்றுமை வடிவங்களை எல்லாம் ஒரே வரியில் வரிசையாக எழுதும் ஏற்பாடு உண்டு: 'யன்வார்' எழுவாய், 'யன்வாரியா' ஆறாம் வேற்றுமை என்று. மூலப் பட்டியல் வாக்கியத்துக்குள் போகாது என்பதால் எழுவாய் வடிவமே போதும். முதல் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதுங்கள்.

முடித்ததும் மொழிபெயர்ப்புக் கோப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி (msgfmt) கருவியைச் சரிபார்ப்புத் தேர்வோடு ஓட்டித் தொகுத்து, மொழிச் சூழல் மாறியில் ரஷ்ய மொழியை வைத்து மென்பொருளைத் திறவுங்கள். சோதனைக்கென்று புது மரம் ஒன்றில் மூன்று பேர் போதும்: ஃபமீலியாவும் ஒத்செஸ்த்வோவும் உள்ள ஒருவர், ஒத்செஸ்த்வோ மட்டும் உள்ள ஒருவர், இரட்டைக் குடும்பப்பெயருள்ள ஸ்பானியர் ஒருவர். பட்டியலின் ஒவ்வொரு தெரிவையும் வைத்துச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து அதுவே நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு விருப்பப் பெட்டியில் குறி வைத்தும் எடுத்தும் இரண்டாமவர் எங்கே போய் நிற்கிறார் என்று பாருங்கள்.

வம்சாவளி மென்பொருள்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறும் கோப்பு வடிவமான ஜெட்காமுக்கு ஏற்றுமதி செய்வதைப் பற்றி உதவிப் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பது நல்லது. ஜெட்காம் 5.5.1-இல் மூலத்துக்கு இடமே கிடையாது, தந்தை பெயருக்கும் தனிக் குறி இல்லை. கிராம்ப்ஸ் எல்லாக் குடும்பப்பெயர்களையும் காற்புள்ளியிட்டு ஒரே குடும்பப்பெயர்ப் பகுதியில் எழுதிவிடும். அதனால் அந்தக் கோப்பை வேறு மென்பொருளில் திறக்கும் உறவினருக்கு ஒத்செஸ்த்வோவும் ஃபமீலியாவின் ஒரு துண்டாகத் தெரியும். எந்த வரிசை எது என்ற விவரம் கிராம்ப்ஸின் சொந்த எக்ஸ்எம்எல் கோப்பில்தான் இருக்கும். ஆகவே காப்புப்படி எடுக்கும்போது அதையே எடுக்கச் சொல்லுங்கள்.